பார்ட்டை மாற்றும் முன் மீட்டரைக் கையில் எடுங்கள்

கோவையில் கார் எலக்ட்ரிக்கல் வேலையும் பிரேக் வேலையும் பார்க்கிறவன் நான். இந்தப் பக்கத்துக்கு இம்முறை வந்த கடிதங்களில் ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது: “மாற்றிப் பார்த்தோம், சரியாகவில்லை.” பேட்டரி, சென்சார், பிரேக் பேட் என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்துவிட்டு எழுதுகிறார்கள். படிக்கவே வருத்தமாக இருக்கிறது. சாதாரண மல்டிமீட்டர் ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதை வைத்து அளக்காமல் யாரையும் உங்கள் வண்டியில் ஒரு பார்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள்.

கேள்வி: எங்களுடையது ஐந்து வருடப் பழைய சின்ன பெட்ரோல் கார். மூன்று நாள் எடுக்காமல் விட்டால் செல்ஃப் எடுப்பதில்லை. ‘டிக் டிக்’ என்று சத்தம் மட்டும் வருகிறது. ஒரே வருடத்தில் இது இரண்டாவது பேட்டரி. பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார் கடைக்காரர். சென்ற வருடம் பெரிய ஸ்கிரீன் ஸ்டீரியோவும் பின்பக்கக் கேமராவும் வெளிக்கடையில் பொருத்தினோம்.
— ஆசிரியை, கரூர்

பதில்: உங்கள் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கும் என்று தோன்றுகிறது, அம்மா. இருந்தாலும் அளந்தே முடிவு செய்வோம்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், சாவி போடுவதற்கு முன் பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால்வாசி. 12-க்கு இறங்கிவிட்டால் ஏறக்குறையக் காலி. பிறகு இன்ஜினை ஓடவிட்டு அளந்தால் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அப்படியென்றால் டைனமோ சார்ஜ் ஏற்றுகிறது. சில புது மாடல்களில் கம்ப்யூட்டரே வோல்ட்டேஜைக் குறைத்து வைக்கும். அதனால் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு அளப்பது நல்லது.

இரண்டும் சரியாக இருந்தால், வண்டி நிற்கும்போது கரண்ட் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் கார் அளவுக்கு 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 0.4 ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு 9.6, மூன்று நாளில் கிட்டத்தட்ட 29 ஆம்பியர்-ஹவர் போய்விடும். மிச்சத்தில் செல்ஃப் மோட்டார் சுற்றாது. நீங்கள் சொல்லும் மூன்று நாளுக்கு இது அப்படியே பொருந்துகிறது. எந்த வண்டியிலும் கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் ஆகியவற்றுக்குக் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டுதான் இருக்கும். அது 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை.

கசிவை அளப்பது இப்படி. பானெட்டைத் திறந்து வைத்து, அதன் லாக்கை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி மூடியது போல் ஆக்கிவிடுங்கள். கதவுகளைச் சாத்தி, ரிமோட் சாவியை வீட்டுக்குள் தூரமாக வையுங்கள். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரைக் கோர்க்க வேண்டும். கோர்த்த உடனே காட்டும் எண்ணை நம்பாதீர்கள். வண்டியில் உள்ள கம்ப்யூட்டர்கள் எல்லாம் தூங்கப் போக அரை மணி நேரமாவது ஆகும். மீட்டர் கோர்த்திருக்கும்போது தவறியும் செல்ஃப் அடிக்கக் கூடாது. மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.

அரை மணிக்குப் பிறகும் 300, 400 மில்லி ஆம்பியர் காட்டினால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது எண் சட்டென்று விழுகிறதோ அந்த லைனில்தான் கசிவு. முதலில் ஸ்டீரியோ ஃப்யூஸையே பாருங்கள். வெளியே வாங்கும் ஸ்டீரியோக்களில் எப்போதும் கரண்ட் வரும் மஞ்சள் ஒயரும், சாவி போட்டால் மட்டும் கரண்ட் வர வேண்டிய சிவப்பு ஒயரும் தனித்தனியாக இருக்கும். சாவி இல்லாமலும் பாட்டுக் கேட்கலாம் என்று பொருத்துபவர்கள் இரண்டையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிவிடுகிறார்கள். ஸ்கிரீன் அணைந்திருக்கும், உள்ளே செட் விழித்துக்கொண்டே இருக்கும். சிவப்பைப் பிரித்து சாவி லைனில் சேர்ப்பது சில நிமிட வேலை.

எல்லா ஃப்யூஸையும் கழற்றியும் எண் குறையவில்லையென்றால் டைனமோவுக்குள் இருக்கும் டயோடு கசியலாம். பேட்டரியைத் துண்டித்துவிட்டு டைனமோவின் தடித்த ஒயரைக் கழற்றி, அதன் முனை எங்கும் படாமல் டேப் சுற்றி, மறுபடி அளந்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று. அடிக்கடி அடியோடு காலியாகும் பேட்டரி, புதிதாக இருந்தாலும் பலம் இழந்துவிடும். முதல் பேட்டரி அப்படித்தான் போயிருக்கும். கசிவை நிறுத்திய கையோடு இப்போது இருப்பதை மெதுவாக முழு சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: குடும்பத்தோடு வால்பாறை போய்விட்டு ஆழியாறு பக்கம் இறங்கும்போது தீய்ந்த வாடை வந்தது. பாதி மலையில் பிரேக் பெடல் தரை வரை போய்விட்டது. எப்படியோ நிறுத்தினேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பெடல் பழையபடி இருக்கிறது! ஊருக்கு வந்து காட்டினேன். குறை ஒன்றும் இல்லை என்று சொல்லி பேடை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். மறுபடி மலைக்குப் போகலாமா?
— வாசகர், திருப்பூர்

பதில்: இந்த நிலையில் போகாதீர்கள். உங்கள் வண்டியில் உண்மையான குறை இன்னும் அப்படியே இருக்கிறது.

மலை இறக்கத்தில் பிரேக் விட்டுப்போவது இரண்டு விதம். பேட் அளவுக்கு மீறிச் சூடானால் பெடல் கெட்டியாகவே இருக்கும், ஆனால் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் மெத்தென்று உள்ளே போய்விடும். உங்களுக்குத் தரை வரை போயிருக்கிறது. கொதித்தது ஆயில்தான்.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 4 (DOT 4) என்ற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரிதான் உத்தரவாதம். டாட் 3-க்கு இந்த அளவுகள் 205, 140. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். மேலிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சக்கரத்தில் பேடை அழுத்தும் காலிப்பரில் இருக்கும் பழைய ஆயில் அந்தச் சூட்டைத் தாங்காது. ஆயிலுக்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். நீங்கள் மிதிக்கும் மிதியெல்லாம் அந்தக் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும். பேடை அழுத்தப் பலம் மிஞ்சாது. ஆறியதும் ஆவி மறுபடி ஆயிலாகிவிடுவதால் பெடல் பழையபடி நிற்கும். கடையில் காட்டும்போது எல்லாம் நன்றாக இருந்தது இதனால்தான்.

செய்ய வேண்டியது: நான்கு சக்கரத்தின் பிரேக்கிலும் ஏர் எடுத்து, பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றிப் புது ஆயில் ஏற்றுங்கள். மேலே பிரேக் ஆயில் டப்பாவில் மட்டும் மாற்றினால் காலிப்பரில் பழையதே நிற்கும். பேட் மாற்றியபோது ஆயிலும் மாற்றினார்களா என்று பில்லில் பாருங்கள். கம்பெனி வேறு கெடு சொல்லியிருந்தால் தவிர, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இதை மாற்ற வேண்டும். ஓடிய கிலோமீட்டர் குறைவு என்று தள்ளிப்போடக் கூடாது; நிற்கிற வண்டியிலும் ஈரம் ஏறும்.

அப்புறம், எந்தச் சக்கரமாவது பிரேக்கைப் பிடித்தபடியே சுற்றுகிறதா என்றும் பார்க்க வேண்டும். சமதளச் சாலையில், பிரேக்கை முடிந்தவரை தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி, தானாக உருண்டு நிற்க விடுங்கள். இறங்கி, கையை டிஸ்க்கில் வைக்காமல், பக்கத்தில் கொண்டுபோங்கள். ஒரு சக்கரத்தில் மட்டும் சூடு தூக்கலாக அடித்தால் அந்தக் காலிப்பரின் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ இறுகியிருக்கிறது. உள்ளே உப்பி அடைத்துக்கொண்ட ரப்பர் ஹோஸும் இதே வேலையைச் செய்யும்.

இறங்குவது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது உயிர் விஷயம். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் பெரும்பாலும் அதே கியர். கொண்டை ஊசியில் இரண்டாவது, சில இடங்களில் முதல் கியர். வேகத்தை இன்ஜின் பிடிக்க வேண்டும். பிரேக்கை லேசாகத் தொட்டபடியே வராமல், தேவைப்படும்போது நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கவே கூடாது. இன்ஜினை அணைத்துவிட்டால், பிரேக் மிதிப்பதை லேசாக்கும் பூஸ்டருக்கு வேக்கம் கிடைக்காது. ஓரிரண்டு மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும், ஸ்டீரிங்கும் இறுகிவிடும். ஒருவேளை மறுபடி பெடல் உள்ளே போனால் விட்டு விட்டு வேகமாகப் பம்ப் செய்யுங்கள், கியரைக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். நின்ற பிறகு சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். டிஸ்க் கோணிக்கொள்ளலாம், வெடிப்பும் விடலாம்.

கேள்வி: பிரேக் மிதித்தால் பின்னால் இண்டிகேட்டரும் மங்கலாகச் சேர்ந்து எரிகிறது. ஒயரிங் முழுவதும் மாற்ற வேண்டும் என்கிறார்கள்.
— வாசகர், மதுரை

பதில்: வேண்டவே வேண்டாம். பின் விளக்குக்குப் போகும் எர்த் விட்டுப்போயிருக்கிறது. பிரேக் லைட்டுக்கு வந்த கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் பக்கத்து பல்புகள் வழியாகப் போகிறது. ஒரு ஒயரின் ஒரு முனையை விளக்கின் எர்த் பின்னிலும் மறு முனையை பெயின்ட் இல்லாத பாடி இரும்பிலும் வைத்துப் பாருங்கள். உடனே சரியானால் அந்த எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்கினால் போதும். அதிலும் தீரவில்லையென்றால் பல்பைப் பாருங்கள். பிரேக்குக்கும் பார்க்கிங்குக்கும் சேர்த்து ஒரே பல்ப் உள்ள வண்டிகளில் 21/5 வாட் இரட்டை இழை பல்ப் வர வேண்டும். அங்கே ஒற்றை இழை பல்பை யாராவது திணித்திருந்தாலும் இதுபோன்ற குழப்பம் வரும்.

கேள்வி: வளைவில் திரும்பும்போது மட்டும் சிவப்பு பிரேக் விளக்கு மினுக்கிவிட்டு அணைகிறது. ஆயில் ஊற்றினால் போதுமா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: டப்பாவில் ஆயில் குறைந்திருக்கிறது, வளைவில் ஒரு பக்கம் சாய்வதால் உள்ளே இருக்கும் மிதவை இறங்குகிறது. ஆனால் ஆயில் ஏன் குறைந்தது? பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே இறங்கும். அதனால் ஊற்றுவதற்கு முன் பேடைப் பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு வந்திருந்தால் மாற்றுங்கள். பேட் தடிமனாக இருந்தும் ஆயில் குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது: சக்கரத்தின் உள்பக்கம், பின் டிரம், பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டர், எல்லாம் பார்த்தாக வேண்டும். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள்.

கேள்வி: முன் வீல் பேரிங் மாற்றிய நாளிலிருந்து ஏபிஎஸ் விளக்கு எரிகிறது. ஸ்கேன் செய்து சென்சார் போய்விட்டது என்றார்கள். புது சென்சார் போட்டும் அணையவில்லை. என்னிடம் இருக்கும் புளூடூத் ஸ்கேனரில் பழுதைச் சொல்லும் கோடு (code) எதுவும் வரவில்லை.
— வாசகர், திருநெல்வேலி

பதில்: பேரிங் மாற்றிய நாளிலிருந்து என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நிறைய கார்களில் சக்கரத்தின் வேகத்தை சென்சார் படிப்பதற்கான காந்த வளையம் பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே இருக்கிறது. அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் திருப்பிப் போட்டு அடித்துவிடுகிறார்கள். வண்டி சத்தமில்லாமல் ஓடும், சென்சாருக்கு மட்டும் எதுவும் தெரியாது. காந்த வளையமே இல்லாத பேரிங்கைப் போட்டிருந்தாலும் இதே கதிதான்.

ஸ்கேனர் ‘இடது முன் சக்கர சென்சார்’ என்று சொன்னால், அந்த சர்க்யூட்டிலிருந்து சரியான தகவல் வரவில்லை என்றுதான் பொருள். ஒயர் அறுந்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம், கனெக்டரில் பச்சைப் பாசி பிடித்திருக்கலாம். ஏபிஎஸ்ஸைப் படிக்கக்கூடிய ஸ்கேனரில் நான்கு சக்கர வேகத்தையும் ஓடவிட்டுப் பாருங்கள்; மூன்று 20 காட்டி ஒன்று பூஜ்யம் காட்டினால் அந்தச் சக்கரத்தைப் பிரிக்கலாம். மலிவான புளூடூத் ஸ்கேனர்கள் பெரும்பாலும் இன்ஜின் கோடுகளை மட்டுமே படிக்கும், அதனால்தான் உங்களுக்கு ஒன்றும் வரவில்லை. மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். மழையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதி மட்டும் இருக்காது. சிவப்பு விளக்கும் சேர்ந்து எரிந்தால், பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் பங்கீடும் நின்றிருக்கலாம். அப்போது வண்டியை ஓட்டிப்போகாமல் மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் கார். பிரேக்கை மிதித்துக்கொண்டுதான் பட்டனை அழுத்துகிறேன். டாஷ்போர்டு விளக்குகள் மட்டும் வருகின்றன, செல்ஃப் சுற்றவில்லை. சில நாள் தானாகச் சரியாகிவிடுகிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள்.
— வாசகி, சென்னை

பதில்: அடுத்த முறை இப்படி ஆகும்போது, பெடலை மிதித்தபடி பின்னால் சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். விழவில்லையென்றால் நீங்கள் பிரேக் மிதித்திருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. பெடலுக்கு மேலே இருக்கும் பிரேக் லைட் சுவிட்ச்தான் முதல் சந்தேகம். சில வண்டிகளில் பிரேக் லைட்டுக்கும் ஹாரனுக்கும் ஒரே ஃப்யூஸ், எனவே ஹாரனையும் அடித்துப் பாருங்கள். பிரேக் லைட் எரிந்தும் செல்ஃப் எடுக்கவில்லையென்றால்கூட சுவிட்ச் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். நான்கு ஒயர் உள்ள சுவிட்சில் விளக்குக்கு ஒரு ஜோடி, கம்ப்யூட்டருக்கு ஒரு ஜோடி என்று தனித்தனியாக இருக்கும். அதையும் அளந்து சரி என்று தெரிந்த பிறகு ஸ்டார்ட்டர் பக்கம் போகலாம். சுவிட்ச் மாற்றினால், பின்னால் யாரையாவது நிறுத்தி, பெடலை லேசாகத் தொட்டதும் விளக்கு எரிகிறதா, விட்டதும் அணைகிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை வாங்குங்கள்.