பழைய டீசல் மீட்பு வண்டியை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா? எஞ்சினை வைத்து முடிவு செய்யாதீர்கள்

நீங்கள் கேட்டிருப்பது இது: 2009-இல் வாங்கிய, நின்றுபோன கார்களை இழுத்துவரும் டீசல் மீட்பு வண்டி. புகை அதிகமாகிவிட்டது, எஞ்சினைத் திறந்து வேலை செய்ய வேண்டும் என்கிறார் மெக்கானிக். அந்தச் செலவைச் செய்து வைத்துக்கொள்வதா, கடன் வாங்கிப் புதிய வண்டி எடுப்பதா? சேலத்தில் இருக்கிறீர்கள், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஏற்காடு மலைக்கும் போகிறீர்கள்.

இதே கேள்வியோடு நான் இரண்டு ஆண்டுகள் திண்டாடியிருக்கிறேன். எஞ்சினைப் பற்றி மட்டுமே யோசித்ததுதான் என் தவறு. உங்கள் கேள்வியிலும் எஞ்சின் மட்டுமே இருப்பதால்தான் விரிவாக எழுதுகிறேன்.

எங்களுடையது 2007 மாடல் டாடா 407. அப்பா வாங்கியது. பின்னால் பாரம் தூக்கும் ஹைட்ராலிக் கையான பூம், சக்கரத்தைத் தூக்கும் கொக்கி, கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச். கோரிமேட்டுப் பக்கம் நிறுத்தியிருப்போம். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 280 மீட்டர் உயரத்திலிருந்து 1,500 மீட்டருக்கு ஏற வேண்டும். மேலே ஏறுகிற கார்கள் ரேடியேட்டர் கொதித்தோ கிளட்ச் கருகியோ நிற்கும். இறங்குகிற கார்களுக்கு பிரேக் போகும். எரிபொருளை மிச்சப்படுத்துவதாக நினைத்து நியூட்ரலில் இறங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மே மாதக் கோடை விழா நாட்களில் மதியச் சாப்பாட்டை நாங்கள் வண்டியில்தான் சாப்பிட்டோம்.

முதலில் எஞ்சினை முடித்துவிடுகிறேன். நம் ஊரில் 2010 ஏப்ரலுக்கு முன் வந்த வண்டி என்றால் பெரும்பாலும் பாரத் ஸ்டேஜ் 2 என்ற பழைய புகை விதிப்படி செய்தது. டீசலைச் செலுத்தும் பம்பு, நாசில் எல்லாம் இயந்திர முறையில் இயங்குபவை. கணினி கிடையாது. செவ்வாய்ப்பேட்டையிலோ கொண்டலாம்பட்டியிலோ அனுபவமுள்ள எந்த மேஸ்திரியும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். பிஸ்டன், லைனர், பேரிங் போட்டு, கிராங்கை லேத்தில் கொடுத்து, பம்பை அளவு வைத்துக்கொண்டு வந்தால் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். மலை உச்சியை நெருங்கும்போது வரும் கரும்புகை முழுவதும் தேய்மானம் அல்ல. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, டர்போ இல்லாத எஞ்சினுக்கு மூச்சு போதவில்லை. சேலத்துச் சமதளத்தில், எஞ்சின் சூடான பிறகு ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கே புகை குபுகுபுவென்று தள்ளினால்தான் உள்ளே தேய்ந்திருக்கிறது. இதையெல்லாம் சரிசெய்யும் செலவு எவ்வளவு என்றாலும் புதிய வண்டி விலையில் சிறு பங்குதான். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் 2020-இல் நான் எஞ்சின் வேலை பார்த்தேன். ஏமாந்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால், பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை.

பார்க்க வேண்டிய இடம் சேசிஸ், அதாவது வண்டியின் இரும்பு அடிச்சட்டம்.

நம் மாதிரி வண்டி சாதாரணச் சரக்கு வண்டி போலச் சுமை தாங்குவதில்லை. சரக்கு வண்டியில் பாரம் இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் இருக்கும். நாமோ காரின் முன்பக்கத்தைத் தூக்கி, நம் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கவிடுகிறோம். பள்ளிக்கூடத்துச் சீசா பலகைதான். தூக்கும் பாரம் 700 கிலோ, அது பின் அச்சிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளித் தொங்குகிறது, இரண்டு அச்சுகளுக்கும் இடைவெளி 3 மீட்டர் என்று வையுங்கள். முன் சக்கரங்களிலிருந்து 350 கிலோ குறைந்துவிடும். அந்த 350-உம் தூக்கிய 700-உம் சேர்ந்து பின் அச்சின் தலையில் ஏறும். ஏற்றத்தில் பாரம் இன்னும் பின்னுக்குச் சாயும். ஸ்டியரிங் பஞ்சு போல லேசாகிவிடும். கொண்டை ஊசி வளைவில் முழுதாக ஒடித்தும் வண்டி நேராகவே நகர்வதை நான் கால் நடுங்க உணர்ந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பூம் நிற்கும் அடிப்பகுதியில், அதே இடத்தில், சேசிஸ் வளைகிறது. வளைவுகளில் முறுக்கவும் செய்கிறது. ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தும் கம்பி என்னவாகும் என்று உங்களுக்குத் தெரியும்.

2022-இல் ஒரு திங்கட்கிழமை காலை. எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுச் சோதனைக்கு முன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தோம். எங்கள் மேஸ்திரி அண்ணன் கீழே படுத்து, பூம் அடித்தகட்டின் ஓரத்தில் கிரீஸைச் சுரண்டினார். தலைமுடி அளவுக்குச் செம்பழுப்பாக ஒரு கோடு. துரு கசிந்த கறை என்றுதான் நான் நினைத்தேன். அவர் எதுவும் சொல்லவில்லை. மண்ணெண்ணெயில் துணியை நனைத்து அந்த இடத்தில் ஊறவைத்தார், கொஞ்ச நேரம் கழித்துச் சுத்தமாகத் துடைத்துக் காயவிட்டார், என் மகளின் பையிலிருந்து ஒரு சாக்பீஸ் வாங்கி மேலே வெள்ளையாகத் தேய்த்தார். பிறகு பூமைச் சற்றே ஏற்றி இறக்கச் சொன்னார். வெள்ளைப் பூச்சில் ஈரமாக ஒரு கோடு எழுந்தது. விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் வெளியே கசிந்துவந்திருந்தது. என் சுண்டு விரல் நீளம். அதைப் பார்த்து அப்பா அங்கேயே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

"பற்ற வைத்துவிடலாமே அண்ணா?" என்று கேட்டேன்.

"பற்ற வைக்கலாம். அதற்குப் பக்கத்தில் அடுத்தது விடும். நீ மலைக்குப் போகாமல் இருப்பாயா?" என்றார்.

கண்ட இடத்தில் வெல்டிங் வைத்தால் அந்தச் சூட்டில் பக்கத்து இரும்பின் வலு குறையும். முறையாகச் செய்ய வேண்டும் என்றால் உள்தகடு கொடுத்து, போல்ட் வைத்து, பூமையே இடம் மாற்ற வேண்டும். நான் அன்றிலிருந்து மலைக்கு அந்த வண்டியை எடுக்கவில்லை. கீழே ஊருக்குள் இலகுவான கார்களுக்கு மட்டும் சில மாதங்கள் ஓட்டினேன். அதுவும் சரியான முடிவு அல்ல என்று இப்போது நினைக்கிறேன்.

பிரேக்கையும் இதே கண்ணோடு பாருங்கள். லைனிங், டிரம் மாற்றுவது எளிது. ஆனால், இறக்கத்தில் பின்னால் ஒரு காரும் சேர்ந்து தள்ளும்போது, முன் சக்கரங்களில் பாரம் குறைந்திருப்பதால் முன் பிரேக் பாதி வேலையைத்தான் செய்யும். இரண்டாவது கியரில் இறங்கியும் அடிவாரத்தில் பின் டிரம்மிலிருந்து கருகல் நாற்றம் வந்தால், குறை லைனிங்கில் மட்டும் இல்லை. கம்பிவடத்தை வாரம் ஒரு முறை பழைய பருத்தித் துணியால் பிடித்து நீளமாக உருவுங்கள். இழை அறுந்த இடத்தில் துணி மாட்டும். கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள், என் உள்ளங்கையில் தழும்பு இருக்கிறது.

அடுத்து, கார்கள் மாறிவிட்டன. வண்டியை மாற்ற இதுவே போதுமான காரணம் என்று நான் நினைக்கிறேன். 2007-இல் எங்களை அழைத்தவை கையால் கியர் போடும் கார்கள். எந்தப் பக்கம் எஞ்சின் இழுக்கிறதோ அந்தப் பக்கத்தைத் தூக்கினால் போதும். இன்று ஆட்டோமேட்டிக், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, மின்சாரக் கார். ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்குள் எண்ணெயைச் சுற்றிவிடும் பம்பு எஞ்சின் ஓடினால்தான் ஓடும். எஞ்சின் நின்ற நிலையில் இழுவைச் சக்கரம் தரையில் உருண்டால் உள்ளே வறட்சியிலேயே தேயும். மின்சாரக் காரில் சக்கரம் உருண்டால் மோட்டாரும் சுழன்று மின்சாரம் உண்டாக்கும். அதைக் காருக்குள் எங்கே அனுப்புவது? இந்தக் கார்களை முழுவதுமாகத் தட்டின் மேல் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். அதற்கு பிளாட்பெட் வேண்டும்.

ஏற்காட்டில் லேடீஸ் சீட் காட்சி முனை அருகே ஓர் இரவு மின்சாரக் கார் ஒன்று நின்றுவிட்டது. உள்ளே வயதான தம்பதி, மகள், கைக்குழந்தை. பனி இறங்கிக்கொண்டிருந்தது. "இழுத்துக்கொண்டு போய்விடுங்கள் தம்பி, என்ன ஆனாலும் பரவாயில்லை" என்று அந்தப் பெரியவர் கெஞ்சினார். முடியாது என்று சொல்லிவிட்டு, அவர்களை விடுதியில் இறக்கி, கீழிருந்து வேறொருவரின் பிளாட்பெட் வரும்வரை காரின் அருகில் நின்றேன். அன்றிரவு எனக்குப் பணம் வராதது பெரிதாகத் தெரியவில்லை. உதவி கேட்டு அழைத்தவர்களுக்கு என் வண்டியால் உதவ முடியவில்லை என்பதுதான் உறுத்தியது. வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். அந்த ஆண்டு முடியாது என்று சொன்ன அழைப்புகள் 37. உங்களிடம் அப்படி ஒரு நோட்டு இல்லையென்றால் இன்றே தொடங்குங்கள்.

சட்டம் பற்றிப் பலர் உங்களைப் பயமுறுத்துவார்கள். 10 ஆண்டு டீசல் வண்டிக்குத் தடை என்பது டெல்லி தலைநகர்ப் பகுதியைப் பற்றிய பேச்சு. தமிழ்நாட்டில் அப்படி வயதை வைத்து ஒரேயடியாக நிறுத்தும் தடை இல்லை. போக்குவரத்து வண்டியாகப் பதிவாகியிருந்தால், 8 ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. 15 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு அந்தக் கட்டணத்தை 2022 ஏப்ரலிலிருந்து வெகுவாக உயர்த்திவிட்டார்கள். பசுமை வரி தனி. மாற்ற முடிவு செய்தால், அங்கீகாரம் பெற்ற வாகன உடைப்பு மையத்தில் பழைய வண்டியைக் கொடுத்து, கொடுத்ததற்கான வைப்புச் சான்றிதழ் வாங்குங்கள். அதைக் காட்டினால் புதிய வண்டிக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. போக்குவரத்து வண்டிகளுக்குச் சாலை வரியில் 15 சதவீதம் வரை மாநிலங்கள் சலுகை தரவும் விதி இருக்கிறது. விரிசல் விட்ட சேசிஸை மறைத்து இன்னொருவர் தலையில் கட்டாதீர்கள். அவரும் இந்த மலையில்தான் ஏறப் போகிறார்.

புதிய வண்டியும் சும்மா வருவதில்லை. 15 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 5 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 32,600 ரூபாய், மொத்த வட்டி நாலரை லட்சத்துக்கு மேல். மழைக்காலத்தில் ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் குறைந்த மாதத்திலும் அதைக் கட்ட வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில் புகை வடிகட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். நாம் வின்ச்சை இயக்க எஞ்சினை நின்ற இடத்திலேயே நெடுநேரம் ஓடவிடுகிறோம். அப்படி ஓடினால் வடிகட்டி கரி அடைத்துக்கொள்ளும். சங்ககிரி நெடுஞ்சாலையில் ஒரு நீண்ட ஓட்டம் விட்டால்தான் அது எரிந்து சுத்தமாகும். இந்தக் கேள்விக்கு விற்பனையாளர் நேராகப் பதில் சொல்லாவிட்டால் வேறு கடைக்குப் போங்கள்.

நான் 2023-இல் பழைய வண்டியை உடைப்புக்குக் கொடுத்துவிட்டு, 2018 மாடல் பாரத் ஸ்டேஜ் 4 பிளாட்பெட் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினேன். பள்ளத்திலிருந்து காரைத் தூக்க பூம் வண்டிதான் நல்லது, அதை இழந்தது குறைதான். இது நீளமான வண்டி. சில வளைவுகளில் ஒரே ஒடிப்பில் திரும்பாது, ஒரு முறை பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டியிருக்கிறது. ஆனால், பாரம் இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் உட்காருவதால் ஸ்டியரிங் கையில் நிற்கிறது. அப்பா முதல் முறை அதில் இறங்கி வந்தபோது அடிவாரம் வரை பேசவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "இனி இவன் ராத்திரி மலைக்குப் போனாலும் நான் தூங்குவேன்" என்றாராம்.

உங்களுக்கு என் பதில் இதுதான். வேலையில் பெரும்பகுதி ஊருக்குள்ளும் பைபாஸிலும்தான், சேசிஸ் சுத்தம், மின்சாரக் கார் அழைப்புகள் குறைவு என்றால் எஞ்சினைச் செய்து இன்னும் மூன்று நான்கு ஆண்டு வைத்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு மூன்று முறை மலை என்றால் மாற்றுங்கள். எதுவானாலும் மெக்கானிக்கிடம் சரி என்று சொல்வதற்கு முன், நாளைக் காலை பூம் அடித்தகட்டைச் சுற்றி மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து சாக்பீஸ் தேய்த்துப் பாருங்கள். ஈரக் கோடு தெரிந்தால் எஞ்சினைத் திறக்கச் சொல்லாதீர்கள்.