கலியாணமாகி ஆறு மாசம், மனுசி கிட்ட வரப் பயப்பிடுறா எண்டு கேட்டதுக்கு

அவவுக்கு உங்களைப் பிடிக்கேல்லை எண்டு முடிவெடுக்காதேங்கோ தம்பி. முயற்சி செய்யேக்க உடம்பு இறுகி நோகுது எண்டு நீங்களே எழுதியிருக்கிறியள், அது வஜைனிஸ்மஸா இருக்கலாம், அதெண்டா பெண்ணுறுப்பைச் சுத்தியிருக்கிற தசை தன்பாட்டில இறுகிறது, அவ வேணுமெண்டு செய்யிறேல்லை.

எங்கட ஊரில பிள்ளை வயசுக்கு வந்தா செய்யிற சாமத்தியவீட்டுக்கு மண்டபம் எடுத்து ட்ரோன் வரைக்கும் விடுவினம், அதுக்குப் பிறகு அந்தக் கதையே வாயில வராது, ஆனா கலியாண இரவு மட்டும் பொம்பிளைப்பிள்ளைக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கோணுமாம். பயம் வராம என்ன செய்யும்?

கொஞ்ச நாளைக்கு அந்த முயற்சியை முழுசா விட்டிட்டு, சும்மா தொட்டுக் கதைச்சுக்கொண்டு இருந்து பாருங்கோ. அப்ப அவ இலகுவா இருந்தா பயமும் ஒரு காரணமா இருக்கலாம்.

ஆனா கிருமித்தொற்று, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின்ர உள்படலம் மாதிரி இழையம் கருப்பைக்கு வெளியில வளருற வருத்தம்) இதுகளாலயும் நோகும், அதால பெரியாஸ்பத்திரி பெண்நோயியல் கிளினிக்கில ஒருக்கா காட்டுங்கோ. மாமிட்ட சொல்லிப்போட்டுப் போகத் தேவையில்லை.