ராஜினாமா கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள்

கேள்வி: 1996-ல் அகில இந்திய வானொலியில் சேர்ந்தேன். இப்போது வெளியூர் நிலையத்தில் நிகழ்ச்சி நிர்வாகி. வயது 52. வேலையில் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் அறுபது வரை இதே நாற்காலியில் உட்கார மனம் ஒப்பவில்லை. காரைக்குடிக்கே வந்து ஒலி ஆலோசகராகப் புதிதாகத் தொடங்க நினைக்கிறேன். ராஜினாமா கடிதம்கூட எழுதி வைத்துவிட்டேன். "கவர்மெண்ட் உத்தியோகத்தை விட்டுட்டு என்னத்தச் செய்யப் போறே ஆத்தா?" என்று அப்பச்சி (அப்பா) கலங்குகிறார். கடிதத்தைக் கொடுக்கலாமா?
- பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்: முதலில் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். வேலையை விடக் கூடாது என்பதற்காகச் சொல்லவில்லை. மத்திய அரசு ஓய்வூதிய விதிகளின்படி ராஜினாமா செய்தால் அதுவரை பார்த்த சர்வீஸ் அத்தனையும் போய்விடும். பென்ஷன் கிடையாது. இருபது வருஷம் முடித்தவர் என்றாலும் ராஜினாமா வேறு, விருப்ப ஓய்வு வேறு என்று 2019-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தலைப்பில் ஒரு சொல் மாறியதால் ஆயுசுக்கும் வர வேண்டிய பணம் போக வேண்டுமா?

நீங்கள் கேட்க வேண்டியது விருப்ப ஓய்வு. இருபது வருஷத் தகுதிச் சேவையும் மூன்று மாத நோட்டீஸும் போதும். 2004 ஜனவரிக்கு முன்பே சேர்ந்துவிட்டதால் நீங்கள் பழைய பென்ஷன் திட்டத்துக்காரர். கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதியும் அதற்கான அகவிலை நிவாரணமும் மாதாமாதம் வரும். இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதி அப்பச்சியிடம் காட்டினீர்களா? அவர் கலங்குவது உங்கள் லட்சியத்தைக் கேட்டு அல்ல, மாசக் கடைசியை நினைத்து. பென்ஷன் விற்பனை என்ற பெயரில் நாற்பது சதவீதம் வரை மொத்தமாக வாங்கிக்கொள்ள வழி உண்டு. அதை எடுத்துத் தொழிலில் போட வேண்டாம். ஆலோசகருக்கு ஸ்டூடியோ எதற்கு? அதுவும் உயர்ந்த கூரையும் ஆத்தங்குடிக் கல் தரையுமாக இருக்கும் நம் ஊர் வீடுகளில் கைதட்டினால் சுற்றிச் சுற்றி எதிரொலிக்கும். அதை அடக்குவதற்குள்ளேயே பாதிப் பணம் கரைந்துவிடும்.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறு. உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வானொலி இருக்கிறது, அப்பச்சி இருக்கிறார், உங்கள் ஆலோசனையைக் காசு கொடுத்துக் கேட்கப்போகிற ஒருவரும் அதில் இல்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை நடத்த, போன நம் முன்னோர் வேலை பழகும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, உதவிக்கு நிற்கும் அடுத்தாளாகி, மூன்று வருஷ ஒப்பந்தக் கணக்குக்கு, பொறுப்பாளரான மேலாளாகக் கடையைப் பார்த்தார்கள். சொந்த விலாசத்தில், அதாவது தங்கள் பெயரில், கடை போட்டவர்கள் அதற்குப் பிறகுதான் போட்டார்கள். எந்தத் தெருவில் யார் கடன் கேட்பார், யார் ஒழுங்காகத் திருப்புவார் என்பது அதற்குள் அத்துபடி ஆகியிருக்கும். உங்களுக்கும் கிட்டத்தட்ட முப்பது வருஷச் சர்வீஸ் இருக்கிறது. ஆனால் இத்தனை காலமும் உங்களுக்குத் தெரிந்தவர்கள் நேயர்கள். அவர்கள் காசு கொடுத்துக் கேட்டவர்கள் அல்லர்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். "ரேடியோ ஸ்டேஷன்ல இருந்து பேசுறேன்" என்றதும் கலெக்டர் ஆபீஸ் முதல் கல்லூரி முதல்வர் வரை மறுமுனையில் மரியாதையாகப் பேசுகிறார்கள். அந்த மரியாதை ஸ்டேஷனுக்கு. ஓய்வு பெற்ற மறுநாள் வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது யார் போனை எடுப்பார்? அதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். அரசு ஊழியராக இருந்துகொண்டு முன் அனுமதி இல்லாமல் தொழில் செய்யவோ வேறு வேலைக்குப் பேரம் பேசவோ நடத்தை விதி இடம் தராது. அதை மீறாதீர்கள். ஆனால் ஒரு விடுதிக்காரரிடமோ பள்ளித் தாளாளரிடமோ, ஒலிப்பதிவு வேலைகளையெல்லாம் இப்போது யாரிடம் செய்து வாங்குகிறீர்கள், அதில் எது சரியில்லை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள யார் தடை சொல்லப்போகிறார்கள்? பேட்டி எடுத்த கை உங்களுடையது.

"முப்பது வருஷ அனுபவம்" என்று அட்டை அடித்துக்கொண்டு போகாதீர்கள். அதை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பழைய வீடுகள் விடுதிகளாகிவிட்டன. வருகிறவர்கள் தூணைத் தடவிப் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். காலடியில் இருக்கும் ஆத்தங்குடிக் கல் எப்படி வந்தது? கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டைக் கரண்டியால் பிரித்து ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தது. அந்தப் பளபளப்பு கண்ணாடியிடமிருந்து வந்தது. இதை ஒன்றரை நிமிஷத்தில், தரையைப் பார்த்துக்கொண்டே கேட்கிறவருக்குப் புரியும்படி, சின்னச் சின்ன வாக்கியமாக எழுதி, குரல் கொடுத்து, வெட்டி ஒட்டிக் கொடுக்க உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு இத்தனை இடம், இடத்துக்கு ஒன்றரை நிமிஷம், மொத்தம் இவ்வளவு ரூபாய் என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் வாங்குகிறவருக்குப் புரியும். எண்பது வயது ஆச்சிமார்களின் நினைவுகளைக் குடும்பத்துக்காகப் பதிவு செய்து தொகுத்துத் தருவது இன்னொன்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். ஆச்சிமார் காத்திருக்க மாட்டார்கள் என்பதால் இதில் எனக்குத் தனி அவசரமே உண்டு.

வரி விஷயம் பெரிதாக மிரட்டாது. சேவைத் தொழிலில் வருஷ வரவு இருபது லட்சம் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. நிறுவனங்கள் கட்டணத்தில் பத்து சதவீதம் வரை வருமான வரி பிடித்துக் கொடுக்கலாம், கணக்குத் தாக்கலில் சரி செய்துகொள்ளலாம்.

ஆக, போகலாம். ஆனால் வாய்விட்டுப் பெயர் சொல்லும்படி மூன்று வாடிக்கையாளர்களாவது மனத்தில் வந்த பிறகு நோட்டீஸ் கொடுங்கள். கொடுத்த பின் மனம் மாறினால், ஓய்வுத் தேதிக்கு முன்பே கேட்டு, மேலிடம் சம்மதித்தால்தான் திரும்பப் பெற முடியும். நம் பக்கம் வெளியூர் ஆட்கள் அதிகம் வருவது மார்கழி, தை குளிருக்கு. விடுதிக்காரர்கள் அதற்கு முன்பே எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்பார்கள். ஜூன் கடைசியில் நோட்டீஸ் கொடுத்தால் அக்டோபரில் கை ஓய்வாகும், வேலையும் அப்போதுதான் வரும்.