பழைய சேர்வரும் புதிய கணினியும் ஒரே கேபிளில் ஓடுமா?

கேள்வி: எங்கள் தோட்ட அலுவலகத்தின் செக்ரோல் (தொழிலாளரின் வேலைநாள், சம்பளப் பதிவு) கணக்கு, நெட்வேர் 3.12 என்ற பழைய சேர்வர் மென்பொருள் ஓடும் சேர்வரில் இருக்கிறது. அதை ஒரு விண்டோஸ் எக்ஸ்பி கணினியில்தான் திறக்கிறோம். இப்போது இரண்டு விண்டோஸ் 11 கணினிகள் வாங்கப்போகிறோம். "பழசும் புதுசும் ஒரே லைனில் ஓடாது, குழப்பிவிடும். தனிக் கேபிளும் தனி சுவிட்சும் போடவேண்டும்" என்று டவுன் கடையில் சொன்னார்கள். முற்பணமும் வாங்கிக்கொண்டார்கள், பற்றுச்சீட்டு தரவில்லை. என்ன செய்யலாம்?
- கிளாக்கர் ஒருவர், தலவாக்கலைப் பக்கம்

பதில்: தனி லைன் வேண்டாம் ஐயா. ஹட்டன் பஸ்ஸில் முன் சீட்டில் சிங்களமும் பின் சீட்டில் தமிழும் பேசிக்கொண்டு போகிறார்கள், பஸ் நின்றா போகிறது? உங்கள் சேர்வர் பேசுவது ஐபிஎக்ஸ் என்ற பழைய நெட்வேர்க் பாஷை, புதிய கணினி பேசுவது டிசிபி/ஐபி என்ற இன்டர்நெட் பாஷை. சுவிட்ச் எந்த நெட்வேர்க் கார்டுக்குப் போகவேண்டும் என்று மட்டுமே பார்க்கும். உள்ளே என்ன பாஷை என்பது அதற்குத் தேவையில்லாத விஷயம். நெட்வேர் சேர்வர் நிமிடத்துக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன்" என்று எல்லோருக்கும் கூவும். நாலைந்து கணினி உள்ள அலுவலகத்தில் அது ஒரு சுமையே இல்லை.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. புதிய கணினிகளால் அந்த சேர்வரைத் திறக்க முடியாது. எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டாவிலிருந்தே விண்டோஸ் ஐபிஎக்ஸை விட்டுவிட்டது. ஆனால் புதிய கேபிள் போட்டாலும் அது திரும்பி வராது.

ஆகவே எக்ஸ்பியைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் நெட்வேர்க் அமைப்பில் டிசிபி/ஐபிக்கு எதிரே உள்ள சரிக்குறியை எடுத்துவிட்டு, ஐபிஎக்ஸை மட்டும் விடுங்கள். சேர்வர் வழக்கம்போல வேலை செய்யும், இன்டர்நெட் மட்டும் எக்ஸ்பிக்கு எட்டாது. 2017இல் வனாகிரை வைரஸ் பரவியது டிசிபி/ஐபி வழியாகத்தான். பாஷை தெரியாததும் சில நேரம் நல்லதுதான்! புதிய கணினியில் எஸ்எம்பி 1 என்ற பழைய பைல் பகிரும் வசதியைத் திறந்து எக்ஸ்பியோடு இணைக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வனாகிரை புகுந்ததே அந்தக் கதவால். சம்பளம் போட்டதும் தேவையான பைல்களைப் பென் டிரைவில் எடுத்து, வைரஸ் சோதித்து, புதியதில் போட்டால் போதும்.

யாராவது எக்ஸ்பியைத் திரும்ப அமைத்த பிறகு சேர்வர் தெரியவில்லை என்றால், முதலில் பிரேம் வகையை, அதாவது செய்தியைக் கேபிளில் பொதிந்து அனுப்பும் முறையை, பாருங்கள். நெட்வேர் 3.11 வரை வழக்கம் 802.3, 3.12இலிருந்து 802.2. இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லாவிட்டால் ஒன்றையொன்று காணாது.

சேர்வரின் பின்பக்கம் டிவி ஆன்டெனா வயர் போன்ற உருண்டைக் கேபிள் இருந்தால் மட்டும் கதை வேறு. சாதாரண சுவிட்சில் அது செருகாது, கார்டை மாற்றவேண்டும். மற்றபடி சாதாரண சுவிட்ச் ஒன்றே போதும்.

மிச்சமாகும் பணத்தில் செக்ரோல் தரவைப் புதிய மென்பொருளுக்கு மாற்ற விலை கேளுங்கள். அத்தனை வருடச் சம்பளமும் சேமலாப நிதிக் கணக்கும் ஒரு கிழட்டு டிஸ்க்கை நம்பி இருக்கின்றன. பிரதி எடுப்பதை இந்த வாரமே செய்யுங்கள்.

அப்புறம் அந்த முற்பணம். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்கவேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். போய்க் கேளுங்கள். மறுத்தால் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள்.