சமீப ஆண்டுகளில் வந்த இசை ஆல்பங்களில் உங்கள் மனதில் நின்றவை எவை? எந்த வகை இசையாக இருந்தாலும் சரி, ஏன் பிடித்தது என்று சொல்ல முடியுமா?

ராக், ராப், ஜாஸ், ஸ்பானிஷ், உருது என்று கைக்குக் கிடைப்பதை எல்லாம் கேட்கிற ஆள் நான். அதனால் இந்தக் கேள்விக்குச் சுலபமாகப் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். 2021க்குப் பிறகு வந்தவற்றில் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தபோது ஒன்று புலப்பட்டது. அநேகமாக எல்லாவற்றிலும், இப்போது நம்மோடு இல்லாத ஒருவர் இருக்கிறார். அவருக்காகப் பாடுகிறார்கள், இல்லை அவருடைய குரலையே எடுத்து வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். 2022இல் என் அப்பா காலமானார். அதனால் என் காது அந்தப் பக்கம் சாய்ந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

நான் கேட்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு, ஹெட்போன் போட்டுக்கொண்டு, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசை மாற்றாமல் கேட்பேன். சினிமாப் பாட்டில் வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் புதுப் பழக்கம்தான். ஒவ்வொரு பாட்டும் ஒரு காட்சிக்காகப் பிறந்தது என்பதால், பிடித்த ஒன்றை மட்டும் எடுத்துக் கேட்டு வளர்ந்தோம். இங்கே நான் சொல்லப்போகும் ஆல்பங்களை அப்படிக் கேட்டால் பாதிதான் கிடைக்கும்.

முதலில் தி க்யூர். இங்கிலாந்து ராக் குழு. 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' 2024 நவம்பர் 1 அன்று வந்தது. 2008க்குப் பிறகு 16 ஆண்டுகள் கழித்து வந்த புது ஆல்பம். மொத்தம் எட்டே பாடல்கள்தான். முதல் பாட்டு 'அலோன்' ஏறக்குறைய ஏழு நிமிடம். அதில் மூன்று நிமிடத்துக்கு மேல் வெறும் கிடாரும் கீபோர்டும் ட்ரம்ஸும்தான். குரல் வரவே வராதோ என்று நினைக்கிற நேரத்தில் ராபர்ட் ஸ்மித் பாடத் தொடங்குகிறார். 65 வயதில் அந்தக் குரல் துளிக்கூட மாறவில்லை. முதல் தடவை கேட்டபோது அந்த மூன்று நிமிடம் எனக்கு நீளமாகப் பட்டது. இப்போது அது இல்லாமல் அந்தப் பாட்டை நினைத்துப் பார்க்க முடியவில்லை. துக்க வீட்டுக்குப் போனால் வாசலில் செருப்பைக் கழற்றி, உள்ளே போய் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்துத்தானே யாராவது பேச்சை எடுப்பார்கள்? அந்த நேரம்தான் அது.

ஸ்மித் தன் அண்ணனைப் பறிகொடுத்த துக்கத்தில் எழுதிய 'ஐ கேன் நெவர் சே குட்பை' இதில் இருக்கிறது. சின்னப் பிள்ளைகூட வாசித்துவிடக்கூடிய ஒரு பியானோ வரி, பாட்டு முழுக்க வந்துகொண்டே இருக்கும். அதற்கு அலங்காரம் எதுவும் செய்யாமல் விட்டதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. 2022 சுற்றுப்பயணத்திலேயே இதை மேடையில் பாடிவிட்டார்கள். பதிவாக வெளியே விட அதற்கப்புறமும் இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். கடைசிப் பாட்டு பத்து நிமிடத்துக்கு மேல். இருட்டில் வெளியே நின்று நிலாவைப் பார்த்துக்கொண்டு, தான் ஒரு காலத்தில் இருந்த அந்தப் பையன் எங்கே போனான் என்று தன்னையே கேட்கிற ஒரு வயதான மனிதர். அப்பாவின் காரியங்கள் எல்லாம் முடிந்த அன்று ராத்திரி மொட்டை மாடியில் நானும் அப்படித்தான் நின்றேன். இதற்கு மேல் இந்தப் பாட்டைப் பற்றி எழுதினால் கெட்டுவிடும்.

அடுத்து பேட் பன்னி. பாடகர், அமெரிக்க ஆளுகையில் உள்ள, ஸ்பானிஷ் பேசும் போர்ட்டோ ரிக்கோ தீவுக்காரர். அவர் பாடும் ரெகேட்டோன் என்ற நடன இசை என்றாலே வெறும் கிளப் சத்தம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். 2025 ஜனவரி 5 அன்று வந்த 'தெபி திரார் மாஸ் ஃபோட்டோஸ்' அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. 'இன்னும் நிறைய போட்டோ எடுத்திருக்கணும்' என்பதுதான் தலைப்பின் பொருள். அட்டையைப் பார்த்தால் நம் ஊர்க் கொல்லைப்புறம் மாதிரியே இருக்கும். வாழை மரங்களுக்கு முன்னால் இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகள், இரண்டிலும் யாரும் இல்லை.

தீவின் பழைய இசையை எல்லாம் இந்த 17 பாடல்களுக்குள் கொண்டுவந்திருக்கிறார். சால்சா என்ற நடன இசை இருக்கிறது, ப்ளேனா இருக்கிறது, மலைக்கிராமத்துப் பாட்டு இருக்கிறது. ப்ளேனா என்பது பாண்டெரேட்டா என்ற தோல்கருவிகளைக் கையால் தட்டிக்கொண்டு கூட்டமாகப் பாடுவது. அந்தக் கருவி மூன்று அளவுகளில் உண்டு. ஊரில் நடந்த சங்கதிகளைப் பாட்டாகக் கட்டிப் பாடுவதால் 'பாடும் செய்தித்தாள்' என்றே அதற்குப் பெயர். நம்மிடம் கொலைச்சிந்து புத்தகங்களைச் சந்தையிலும் ரயிலிலும் பாடி விற்றார்களே, அது எனக்கு ஞாபகம் வந்தது. 'பைலே இனோல்விதாப்ளே' என்ற சால்சாவில் தீவின் இசைப்பள்ளி மாணவர்கள் வாசித்திருக்கிறார்கள். தொடக்கத்தில் சின்தசைசர் மட்டும் சோகமாக ஒலித்துக்கொண்டிருக்கும். திடீரென்று ஊதுகருவிகளும் தாளமும் ஒன்றாக உள்ளே நுழையும். அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கும்.

தலைப்புப் பாட்டில், இன்றைக்கு நாள் முழுக்கத் தாத்தாவோடு டோமினோ ஆடப்போகிறேன் என்று ஒரு வரி வருகிறது. காதலில் பிரிந்தவளைப் பற்றித் தொடங்கும் பாட்டு, அப்படியே தாத்தாவுக்குப் போய், என் சனங்கள் யாரும் ஊரைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதில் வந்து நிற்கிறது. ஆல்பத்தோடு ஒரு குறும்படமும் வெளியிட்டார். 90 வயதான ஹக்கோபோ மொராலெஸ் நடித்தது. தன் சொந்தத் தெருவில் இருக்கும் கடைக்குப் போகிறார் பெரியவர். அங்கே இங்கிலீஷில் பேசுகிறார்கள், ரொக்கமாகக் காசு வாங்கமாட்டோம் என்கிறார்கள். உள்ளூர் இளைஞன் ஒருவன் வந்து அவருக்காகப் பணம் கட்டுகிறான். தீவில் வெளியாட்கள் நிலம் வாங்கிக் குவிப்பதையும், ஊர்க்காரர்கள் பிழைப்புத் தேடிக் கிளம்பிப் போவதையும் இவ்வளவு சின்னக் காட்சியில் சொல்லிவிட்டார்கள். அதே ஆண்டு தீவின் தலைநகர் சான் ஹுவானில் வரிசையாகக் கச்சேரிகள் நடத்தினார். முதல் ஒன்பது நாட்களுக்கான டிக்கெட் தீவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான். சொன்னதைச் செய்த மனிதர் என்பதால் எனக்கு இன்னும் பிடித்தது.

ராப் என்றால் கென்ட்ரிக் லமாரின் 'ஜிஎன்எக்ஸ்'. 2024 நவம்பர் 22, முன்னறிவிப்பே இல்லாமல் வந்தது. பாதிக்கு மேல் கோபமும் சவடாலும்தான். அந்தப் பாட்டுகள் எனக்கு ஓரளவுக்குத்தான் ஒட்டின. ஆனால் தொடக்கமே வேறு மாதிரி. மரியாச்சி என்ற மெக்சிகோ மரபிசை பாடும் தெய்ரா பரேராவின் ஸ்பானிஷ் குரல்தான் முதலில் வரும். பேஸ்பால் வீரர் ஃபெர்னாண்டோ வலென்சுவேலா 2024 அக்டோபரில் இறந்தபோது, லாஸ் ஏஞ்சலஸ் மைதானத்தில் அவருக்கு அஞ்சலியாகப் பாடியவர் இவர். அதைப் பார்த்துத்தான் லமார் இவரை அழைத்தார். அப்புறம் 'லூதர்'. 2005இல் மறைந்த லூதர் வாண்ட்ராஸும் ஷெரில் லின்னும் 1982இல் பாடிய ஒரு பாட்டிலிருந்து குரலை எடுத்து அடியில் ஓடவிட்டிருக்கிறார்கள். அந்தப் பாட்டே 1967இல் மார்வின் கேயும் டாமி டெரலும் பாடியதுதான். மூன்று தலைமுறைக் குரல் ஒரே மெட்டில். இன்றைய பாடகி சிஸாவின் (SZA) குரல் அதன் மேல் வந்து உட்கார்வதைக் கேட்டுப் பாருங்கள்.

பியான்சேயின் 'கவ்பாய் கார்ட்டர்' 2024 மார்ச்சில் வந்தது. 27 தடங்கள், ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல். எனக்கு நீளம் அதிகம். பின்பாதியில் எட்டுப் பாட்டைக் குறைத்திருந்தால் இன்னும் கூர்மையாக இருந்திருக்கும் என்பதே என் எண்ணம். ஆனாலும் லிண்டா மார்டெலைப் பேச வைத்ததற்காகவே இந்த ஆல்பத்தை மதிக்கிறேன். கன்ட்ரி என்ற அமெரிக்கக் கிராமிய இசையின் பெரிய மேடையான கிராண்ட் ஓல் ஆப்ரியில் 1969இல் தனியாகப் பாடிய முதல் கறுப்பினப் பெண் அவர். 1970இல் ஓர் ஆல்பம் போட்டார், அதற்கப்புறம் இசைத்துறை அவரை மறந்துவிட்டது. அவர் குரலை எண்பது வயதுக்கு மேல் உலகமே கேட்டது. இருக்கும்போதே ஒருவரை நினைத்துக்கொள்வது எவ்வளவு அபூர்வம்!

ஜாஸ் பக்கம் வந்தால் 'ப்ராமிஸஸ்', 2021. ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ் என்ற பெயரில் இசையமைக்கும் இங்கிலாந்து இளைஞர், ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனோடு வாசித்த சாக்ஸபோன் கலைஞர் ஃபரோவா சாண்டர்ஸ், லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா, மூவரும் சேர்ந்தது. 46 நிமிடம், ஒரே இசை, ஒன்பது பகுதிகள். ஏழு சுரங்கள் கொண்ட சின்னத் துணுக்கு ஒன்று மெல்ல மெல்லத் திரும்பி வந்துகொண்டே இருக்கும். அதன் மேல் சாண்டர்ஸ் அவசரமே இல்லாமல் வாசிப்பார். ஓரிடத்தில் கருவியைக் கீழே வைத்துவிட்டு வாயாலேயே முணுமுணுப்பார். தாத்தாக்கள் தனக்குள் பாடிக்கொள்வார்களே, அது மாதிரி. 2022 செப்டம்பரில் அவர் மறைந்தார். தூக்கம் வராத ராத்திரிகளில் நான் முதலில் போடுவது இதைத்தான்.

பாகிஸ்தானியப் பாடகி அரூஜ் அஃப்தாபின் 'வல்ச்சர் பிரின்ஸ்' (2021) தன் தம்பியின் மரணத்துக்குப் பின் செய்தது. அதிலுள்ள 'முஹப்பத்' பாட்டுக்குக் கிராமி கிடைத்தது. 2024இல் வந்த 'நைட் ரெய்ன்' இன்னும் இலகுவாக மூச்சு விடுகிறது. 18ஆம் நூற்றாண்டில் பிறந்து ஹைதராபாத்தில் வாழ்ந்த கவிஞர் மா லகா பாயின் உருதுக் கவிதைகளை அதில் பாடுகிறார். 'ஸாக்கி' பாட்டில் பியானோ வாசிப்பவர் விஜய் ஐயர், அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் இடம் விட்டு நிற்கிற அழகைச் சொல்லி முடியாது.

பில்லி ஐலிஷின் 'ஹிட் மீ ஹார்ட் அண்ட் சாஃப்ட்' (2024) என் அண்ணன் மகள் கேட்கச் சொன்னது. "சித்தப்பா, ஹெட்போன்லதான் கேக்கணும்" என்று கண்டிப்பாகச் சொன்னாள். பத்துப் பாட்டு, எதுவும் வீண் இல்லை. பில்லியும் அவருடைய அண்ணனும் சேர்ந்து செய்தது. நடுவில் மெட்டே மாறி வேறொன்றாகும் பாட்டுகள் இதில் உண்டு. இந்த வரிசையில் துக்கத்தைத் தேடாமல் நான் ரசித்தது இது ஒன்றுதான்.

கடைசியாக, எனக்கு மிக நெருக்கமானது. நம் இசையையும் ஜாஸையும் கலந்து வாசிக்கும் சக்தி குழுவின் 'திஸ் மொமென்ட்', 2023. ஜான் மெக்லாஃப்லின் கிடார், ஜாகிர் உசேன் தபலா, சங்கர் மகாதேவன் குரல், கணேஷ் ராஜகோபாலன் வயலின், செல்வகணேஷ் கஞ்சிரா. 1977க்குப் பிறகு சக்தி என்ற பெயரில் ஸ்டூடியோவில் செய்த முதல் ஆல்பம். முதல் சக்தியில் கடம் வாசித்தவர் விக்கு விநாயகராம், இப்போது அவர் மகன் செல்வகணேஷ். கொரோனா காலத்தில் ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு பதிவு செய்து ஒருவருக்கொருவர் அனுப்பிச் சேர்த்திருக்கிறார்கள். கேட்டால் நம்பமாட்டீர்கள். எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துக்கொண்டு வாசித்த மாதிரியே இருக்கும்.

முதல் பாட்டு 'ஸ்ரீநிஸ் ட்ரீம்'. மேண்டலின் ஸ்ரீநிவாஸை நினைத்துச் செய்தது. 2014 செப்டம்பரில் 45 வயதில் போய்விட்டாரே, அவர்தான். திருச்சியில் எங்கள் வீட்டில் அவருடைய கேசட் ஒன்று இருந்தது. காலையில் முகச்சவரம் செய்யும்போது அப்பா அதைப் போடுவார். வேகமான இடம் வந்தால் ரேசரை நிறுத்திவிட்டு, முகமெல்லாம் நுரையோடு, "பாரு, பாரு" என்பார் எங்களிடம். மேண்டலின் இல்லாமலேயே மேண்டலினுக்காக வாசித்த இந்தப் பாட்டைக் கேட்டால் எனக்கு அந்த நுரை முகம்தான் தெரியும்.

2024 பிப்ரவரியில் இந்த ஆல்பத்துக்குக் கிராமி கிடைத்தது. அதே ராத்திரி ஜாகிர் மொத்தம் மூன்று கிராமி வாங்கினார். அந்த ஆண்டு டிசம்பர் 15 அன்று அவரும் போய்விட்டார். செய்தி வந்த அன்று இந்த ஆல்பத்தைப் போட்டேன். முதல் பாட்டில் ஸ்ரீநிவாஸுக்காக ஜாகிர் தபலாவை வாசித்துக்கொண்டிருந்தார். ஆல்பம் முடியும் வரை எழுந்திருக்கவில்லை.