கொழும்பில் கடலோரமாகப் புதிதாகக் கட்டும்போது சுனாமியை எப்படிக் கணக்கில் எடுப்பது?

மேற்குக் கரைதானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று அலை தெற்கு முனையைச் சுற்றி வளைந்து மேற்கேயும் வந்தது. தென்மேற்குக் கரையிலுள்ள பெரலியவில் ரயிலையே புரட்டிப் போட்டது.

கரையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டுவது என்பதைக் கரையோரம் பேணல் திணைக்களத்திடம் கேட்டே ஆக வேண்டும். ஆனால் நான் முதலில் பார்ப்பது ஜெனரேட்டரும் மின்பலகையும் எங்கே என்றுதான். நிலத்தடியில் வைத்தால் தண்ணீர் புகுந்ததும் லிஃப்ட், விளக்கு, பம்ப் எல்லாம் நின்றுவிடும். மேல்மாடிக்கு ஏற்றுங்கள். கீழ்த்தளத்தில் படுக்கையறை வேண்டவே வேண்டாம். வாகனத் தரிப்பிடமாகத் திறந்து விட்டால் நீர் தூண்களுக்கிடையே ஓடிவிடும். அத்திவாரம் ஆழமாக இருக்கட்டும், திரும்பும் அலை மண்ணை அரித்துக்கொண்டு போகும்.

அப்புறம், தப்பி ஓடும் வழி. வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கைகள் கடலை விட்டு உள்ளே இருக்கும் காலி (Galle) வீதிக்கு நேரே போகின்றன, நல்லது. இருபுறமும் கார் நின்றால்? மேல்மாடிக்கான படிக்கட்டுக் கதவை இரவிலும் பூட்டாதீர்கள்.