முட்டைக்கு நிழல் வேண்டாம்

கேள்வி: பக்கத்துக் காலிமனையில் ஆட்காட்டிக் குருவி வெறுந்தரையில் நாலு முட்டை இட்டிருக்கிறது. வெயில் கொளுத்துகிறதே, ஓலை வைத்து நிழல் தரலாமா? பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டலாமா? (வாசகி, மேடவாக்கம்)

பதில்: இரண்டுமே வேண்டாம். சரளையோடு சரளையாகக் கலந்து கிடப்பதுதான் அந்தப் புள்ளிபோட்ட முட்டைகளுக்குக் காவல். ஓலையோ செங்கல்லோ வைத்தால் காக்காய்க்கு நாமே வழிகாட்டுகிறோம். வெயிலைச் சமாளிக்க அதற்கே தெரியும்: வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துவந்து முட்டைமேல் உட்காரும். நீங்கள் கிட்டே போனால் எழுந்து, கத்திக்கொண்டே தலைக்குமேல் சுற்றும். அத்தனை நேரமும் முட்டை நேர்வெயிலில் வேகும். பிள்ளைகள் மாடியிலிருந்து பார்க்கட்டும். அடைகாப்பது சுமார் நாலு வாரம்தான். பொரித்த குஞ்சு சீக்கிரமே நடக்கத் தொடங்கிவிடும். தனியாகத் திரிகிறதே என்று வீட்டுக்குத் தூக்கிவராதீர்கள், தாய் பக்கத்தில்தான் இருக்கும். அந்த ஒரு மாதம் தெருநாய்களுக்குச் சோறு வைப்பதை வேறு தெருவுக்கு மாற்றுங்கள். மனையில் வேலை தொடங்குவதாகத் தெரிந்தால் உரிமையாளரிடம் சொல்லி அந்த மூலையை விட்டுவைக்கச் செய்யலாம். முட்டையை எடுப்பது 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஒத்துவராவிட்டால் வனத்துறையைக் கேளுங்கள்.

கேள்வி: சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் பூநாரை பார்க்க எந்த பைனாகுலர் வாங்கலாம்? (வாசகர், வேளச்சேரி)

பதில்: 8×42 போதும். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 42 முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 10 மடங்கு, 12 மடங்கு என்று ஆசைப்பட்டால் கை நடுக்கமும் அதே அளவு பெருகும். குளிர்காலக் காலையில், சதுப்புநிலத்தின் ஊடே போகும் ரேடியல் சாலை ஓரமாக வடக்குப் பக்கம் பார்த்து நில்லுங்கள், வெயில் முதுகுக்கு வந்துவிடும். ஒன்பது, பத்து மணிக்குமேல் கானல் ஆடத் தொடங்கினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கண்ணாடியும் உதவாது. வண்டியை வளைவில் நிறுத்தாதீர்கள், அங்கே லாரிகள் வேகமாக வரும். தலைகீழாக அலகை நீருக்குள் விட்டு மேய்கிற பூநாரைகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கி, நெருங்கி, ஒரே திசையில் நடந்தால் நீங்கள் அளவுக்கு மீறிக் கிட்டே போய்விட்டீர்கள். பறக்கும்வரை காத்திராமல் அப்போதே பின்வாங்குங்கள்.

கேள்வி: செல்போனில் பறவைக் குரலைப் போட்டு வரவழைக்கலாமா? (வாசகர், அடையாறு)

பதில்: கூடாது. எல்லைக்குள் போட்டியாளன் புகுந்துவிட்டதாக நினைத்து, ஆண்பறவை இரையெடுப்பதை விட்டுவிட்டு வரும். குரலைக் கேட்டுப் பழக வேண்டுமானால் வீட்டில் கேளுங்கள்.